சிறுசொற்களின் நெடுவரலாறு: ஆங்கிலத்தில் வினையடையும் முன்னிடைச்சொல்லும் பதிலிப்பெயரும்

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கோலாலம்பூரில் மலாயாவின் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூரின் விடுதலைப் பிரகடனம் வெளியிடப்பட்டது. இவ்விரு ஆவணங்களின் ஆங்கில வடிவங்களையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு ஓர் ஒற்றுமை புலப்படும். விடுதலைக்கான காரணங்களை அடுக்கும் பகுதிகள் இரண்டிலும் ‘வெயராஸ்’ என்னும் சொல்லைத் தலைச்சொல்லாகக் கொண்டுள்ளன. அறிவிக்கும் வினைக்கு முன்னே இரண்டிலும் ‘ஹியர்பை’ என்னும் சொல் நிற்கிறது.

‘ஹியர்பை’ என்பதன் பொருள் ‘இதனால்’ என்பதே. நம் முன்னோர் ஊரில் பறையறைவோன் ‘இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்’ என்று தொடங்கினானே, அதே ‘இதனால்’தான் அது. சொல்லும் செயலே நிகழ்த்தும் செயலாகவும் ஆகும் இடத்தில் அச்சொல் நிற்கிறது. ஆயினும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் ஆங்கிலம் பேசும் நாம் எவரும் ‘ஹியர்பை’ என்று சொல்வதில்லை. நாடுகள் பிறக்கும்போது ஒலிக்கும் ஒரு சொல், நாள்தோறும் பேசும் பேச்சில் ஏன் ஒலிப்பதில்லை? அதே இடத்தை அன்றாடப் பேச்சில் நிரப்பும் சொற்கள் எவை? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆங்கில மொழி வரலாற்றை நாம் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாய்வில் மூவகைச் சொற்கள் நமக்கு வேண்டுவன. இடம், காலம், முறை ஆகியவற்றைச் சுட்டி வினையைத் தழுவும் வினையடை ஒன்று. பெயருக்கு முன் நின்று நம் வேற்றுமை உருபு செய்யும் பணியைச் செய்யும் முன்னிடைச்சொல் மற்றொன்று. பெயருக்கு ஈடாக நிற்கும் பதிலிப்பெயர் மூன்றாவது. பாடநூல்கள் இம்மூன்றையும் மூன்று தனி அதிகாரங்களில் வைத்துக் கற்பிக்கின்றன. அன்றாட ஆங்கிலத்திலோ இவை ஒன்றோடொன்று கலந்தும் ஒன்றன் இடத்தை மற்றொன்று பற்றியும் இயங்குகின்றன. அந்தக் கலப்பின் வரலாற்றை அறியாத மாணவருக்கு ஆங்கிலம் விதிவிலக்குகளின் குவியலாகவே தோன்றும். அறிந்த மாணவருக்கு அங்கே ஓர் ஒழுங்கு தெரியும்.

ஒன்பது சொற்களின் ஒழுங்கு

பழைய ஆங்கிலம் எனப்படுவது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய மொழி. அம்மொழியில் இடம் சுட்டும் வினையடைகள் மும்மூன்றாக அமைந்த ஒரு கட்டமைப்பு இருந்தது. இருக்கும் இடம், செல்லும் திசை, புறப்படும் இடம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் அண்மை, சேய்மை, வினா என மூன்று வடிவம் பெற்றன. இன்றைய உருவில் சொன்னால், இருக்கும் இடத்துக்கு ‘ஹியர், தெயர், வெயர்’. செல்லும் திசைக்கு ‘ஹிதர், திதர், விதர்’. புறப்படும் இடத்துக்கு ‘ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்’.

இவ்வொன்பதையும் உற்று நோக்கினால் முதலெழுத்தே பொருளை வகுப்பதைக் காணலாம். ‘ஹ’ ஒலியில் தொடங்குவன அண்மையையும், ‘த’ ஒலியில் தொடங்குவன சேய்மையையும், ‘வ’ ஒலியில் தொடங்குவன வினாவையும் குறித்தன. நம் மொழியில் ‘இங்கு, அங்கு, எங்கு’ என்பனவற்றை இகர, அகர, எகரங்கள் வகுப்பதுபோன்ற அமைப்பே இது. இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று இதனால் கொள்ளுதல் ஆகாது. ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் செருமானியக் கிளையைச் சேர்ந்தது. தமிழ் திராவிடக் குடும்பத்தது. சுட்டும் வினாவும் எல்லா மொழியினருக்கும் இன்றியமையாதவை ஆதலால், இரு மொழிகளும் தத்தம் வழியில் ஒத்த ஒழுங்கை அடைந்தன என்பதே பொருத்தம்.

மற்றுமோர் ஒற்றுமையும் உண்டு. தொல்காப்பியம் அகரம், இகரம், உகரம் ஆகிய மூன்றையும் சுட்டாகக் கூறுகிறது. உகரச் சுட்டு இன்று பொதுவழக்கில் மறைந்தாலும் யாழ்ப்பாணத் தமிழில் வாழ்கிறது. ஆங்கிலத்திலும் ‘யான்’, ‘யாண்டர்’ என மூன்றாம் தொலைவைக் குறிக்கும் சுட்டு இருந்தது. அது பொதுவழக்கில் அருகினாலும் ஸ்காத்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வட்டார வழக்காக நிலைத்தது. இரு மொழிகளும் மூன்றாம் சுட்டை நடுவிடத்தில் இழந்து ஓரங்களில் காத்துக்கொண்டன.

அந்த ஒன்பதில் இன்று உயிர்ப்புடன் நிற்பவை முதல் மூன்றே. ‘இங்கே வா’ என்பதற்கு ‘ஹிதர்’ வேண்டியிருந்த இடத்தை ‘ஹியர்’ பிடித்துக்கொண்டது. ‘எங்கிருந்து’ என்பதற்கு ‘வென்ஸ்’ என்ற ஒரே சொல் போதுமாயிருந்த நிலை மாறி, ‘ஃபிரம்’ என்னும் முன்னிடைச்சொல் துணைக்கு வந்தது. ‘வென்ஸ்’ என்பதிலேயே நீங்கற்பொருள் அடங்கியிருந்தும், அதனை உணராத மக்கள் ‘ஃபிரம் வென்ஸ்’ என்று இரட்டித்துச் சொல்லத் தலைப்பட்டனர். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இவ்வழக்கைக் குறையெனக் கண்டித்தார். ஆயினும் அவர் காலத்துக்கு நெடுநாள் முன்பே புகழ்பெற்ற எழுத்தாளரும் விவிலிய மொழிபெயர்ப்பாளரும் அதனை ஆண்டிருந்தனர். வினையடையின் உள்ளேயிருந்த பொருள் தேய்ந்தபோது, முன்னிடைச்சொல் வெளியிலிருந்து வந்து அதனை ஈடு செய்தது. ஆங்கில வரலாறு முழுவதிலும் இந்நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் நடைபெறக் காண்கிறோம்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு சொல். ‘ஹென்ஸ்’ என்பதன் இறுதியிலுள்ள ஒலி, பழைய ஆறாம் வேற்றுமை உருபிலிருந்து வினையடை ஈறாக மாறிய ‘ஸ்’ ஒலியே. ‘ஒன்ஸ்’, ‘ட்வைஸ்’ ஆகியவற்றின் இறுதியிலும் அதுவே உள்ளது. அவ்வொலி ‘ஸ்’ என்றே நிற்கும், ‘ஸ்ஸு’ போல அதிர்ந்து ஒலிக்காது என்பதைக் காட்டவே பிற்கால எழுத்தர்கள் இச்சொற்களை ‘சி, ஈ’ என்னும் இரண்டு எழுத்துகளால் முடித்தனர். மாணவர் மனப்பாடம் செய்யும் எழுத்துக்கூட்டலில் மறைந்த ஒரு வேற்றுமை உருபு ஒளிந்திருக்கிறது.

‘அதன்’ என்பதற்கு ஈடாக ‘அங்கு’

இனி மூவகைச் சொல்லும் ஒன்றாய்ப் பிணைந்த இடத்துக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் உயர்திணையான ஒருவரைக் குறித்து ‘அவனோடு’, ‘அவளிடமிருந்து’ என்று சொல்ல, முன்னிடைச்சொல்லை அடுத்துப் பதிலிப்பெயர் வந்தது. பொருளைக் குறித்து ‘அதனோடு’, ‘அதிலிருந்து’ என்று சொல்லவோ, பெரும்பாலும் வேறொரு வழி கையாளப்பட்டது. ‘அங்கு’ என்னும் வினையடையை முன்னே வைத்து, முன்னிடைச்சொல்லை அதன் பின்னே ஒட்டினர். ‘தெயரின்’, ‘தெயரான்’, ‘தெயராஃப்’, ‘தெயர்வித்’ என்பன இவ்வாறு பிறந்தவை. இவற்றில் வினையடை பதிலிப்பெயரின் வேலையைச் செய்கிறது. முன்னிடைச்சொல்லோ முன்னே நில்லாமல் பின்னே நிற்கிறது. மூன்று இலக்கண வகைகளும் ஒரே சொல்லுக்குள் தம் வழக்கமான இடத்தைவிட்டு மாறி நிற்கும் விந்தை இது.

இவ்வமைப்பு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. உடன்பிறந்த மொழிகளான ஜெர்மானியமும் டச்சும் இன்றளவும் இதனை நாள்தோறும் பயன்படுத்துகின்றன. பெர்லினில் ஒரு சிறுவன் பேனாவைக் காட்டி ‘அதைக்கொண்டு எழுதினேன்’ என்று சொல்லும்போது ‘டாமிட்’ என்பான். நண்பனைக் காட்டி ‘அவனோடு வந்தேன்’ என்னும்போது ‘மிட் இம்’ என்பான். பொருளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்னும் இப்பகுப்பு நம் உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டை நினைவூட்டுகிறது. ஆங்கிலமோ இப்பகுப்பைக் கைவிட்டு, இரண்டு இடத்தும் முன்னிடைச்சொல்லை அடுத்துப் பதிலிப்பெயரை வைக்கப் பழகிற்று.

‘தெயராஃப்’ என்னும் சொல்லுக்கு வரலாற்றில் ஒரு சிறப்புப் பணி வாய்த்தது. பழைய ஆங்கிலத்தில் ‘அது’ என்பதன் ஆறாம் வேற்றுமை வடிவம் ‘ஹிஸ்’. ‘அவன்’ என்பதற்கும் அதே வடிவந்தான். ஆகவே ‘அவனுடைய’, ‘அதனுடைய’ ஆகிய இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கியது. இலக்கணப் பால் மறைந்து, உலகியற் பால் நிலைபெற்றபின், மரத்தின் கனியையும் வீட்டின் கதவையும் ‘ஹிஸ்’ என்று குறிப்பது மக்களுக்குப் பொருந்தாததாய்த் தோன்றிற்று. ‘இட்ஸ்’ என்னும் புதிய வடிவம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அச்சில் பரவத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தின் குறையை நிறைத்தவற்றுள் முதன்மையானது ‘தெயராஃப்’. 

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆணைப்படியான விவிலிய மொழிபெயர்ப்பு இதற்குத் தக்க சான்று. அதன் முதற்பதிப்பில் ‘இட்ஸ்’ என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. ‘அதன்’ என்னும் பொருள் வேண்டிய இடங்களில் ‘ஹிஸ்’ வருகிறது. அல்லது ‘தெயராஃப்’ வருகிறது. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் ஓரிடத்தில் உருபேற்காத ‘இட்’ என்பதே ஆறாம் வேற்றுமைப் பொருளில் நிற்கிறது. பிற்காலப் பதிப்புகளே அதனை ‘இட்ஸ்’ எனத் திருத்தின. இன்று ஐந்தாம் வகுப்பு மாணவரும் எழுதும் ‘இட்ஸ்’ என்னும் எளிய சொல், ஷேக்ஸ்பியர் காலத்தில் இன்னும் காலூன்றாத புதுவரவு. பதிலிப்பெயரின் அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாய் இருந்த காலத்தில், வினையடையும் முன்னிடைச்சொல்லும் கைகோத்து அந்த வெற்றிடத்தை நிரப்பின. ‘இட்ஸ்’ நிலைபெற்றதும் அத்தேவை குறைந்தது. ‘தெயராஃப்’ வீட்டுப்பேச்சிலிருந்து விடைபெற்றது.

‘வெயர்ஃபோர்’ என்பதன் கதையும் இத்தகையதே. இன்று ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தைப் படிக்கும் மாணவர் பலர், மாடத்தில் நிற்கும் ஜூலியட் ரோமியோ எங்கே இருக்கிறான் என்று தேடுவதாக எண்ணுகின்றனர். அவள் கேட்பது ‘எங்கே’ என்றன்று. ‘எதன்பொருட்டு’ என்றே கேட்கிறாள். பகைக்குடியின் பெயரை அவன் ஏன் தாங்கினான் என்பதே அவளது துயரம். ‘வெயர்’ என்னும் சொல்லை இடப்பொருளில் மட்டும் கொண்டால் அக்காட்சியின் உயிரே போய்விடும். ஒரு சிறுசொல்லின் இலக்கணம் தெரியாமையால் ஒரு பாத்திரத்தின் மனம் தெரியாமற் போவதற்கு இது எடுத்துக்காட்டு.

வீதியிலிருந்து நீதிமன்றத்துக்கு

அன்றாடப் பேச்சைவிட்டு நீங்கிய இச்சொற்கள் இரண்டு இடங்களில் அடைக்கலம் பெற்றன. ஒன்று வழிபாட்டு மொழி. மற்றொன்று சட்ட மொழி. 1066இல் நார்மன் படையெடுப்புக்குப்பின் இங்கிலாந்தின் ஆட்சி பிரெஞ்சு பேசுவோர் கைக்குப் போயிற்று. நீதிமன்றங்களில் பிரெஞ்சும் இலத்தீனும் கோலோச்சின. வழக்காடுதல் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டுமென 1362இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது. நீதிமன்ற ஆவணங்களும் ஆங்கிலத்தில் அமைய வேண்டும் என்னும் ஆணை நடைமுறைக்கு வர 1733ஆம் ஆண்டாயிற்று.

ஆங்கிலம் சட்டமொழியாக வளர்ந்த அக்காலப்பகுதியில் ‘ஹியர்பை’, ‘தெயராஃப்டர்’, ‘வெயராஸ்’ போன்றவை பேச்சிலும் எழுத்திலும் புழங்கின. அவை பத்திரங்களிலும் ஆணைகளிலும் இடம்பெற்றன. பின்னர்ப் பேச்சுமொழி மாறியது, பத்திரங்கள் மாறவில்லை. நீதிமன்றத் தீர்ப்பால் பொருள் உறுதிப்பட்ட ஒரு தொடரை மாற்றினால் புதிய வழக்குக்கு இடமாகுமோ என்னும் அச்சம் வழக்கறிஞர்க்கு இயல்பு. பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதிய பத்திரம் எழுதும் வழக்கமும் அதற்குத் துணைநின்றது. இவ்வாறு நேற்றைய அன்றாடச் சொல் இன்றைய சட்டச்சொல் ஆயிற்று. பிரித்தானிய ஆட்சியோடு அச்சட்ட நடை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. விடுதலைப் பிரகடனங்களில் ‘வெயராஸ்’ ஒலித்ததன் காரணம் இதுவே.

‘வெயராஸ்’ என்பதன் பொருள் வளர்ச்சியும் கருதத்தக்கது. தொடக்கத்தில் அது ‘எவ்விடத்தில்’ என்னும் இடப்பொருளையே தந்தது. பின்னர் ‘இன்ன நிலை இருக்குமிடத்து’ எனக் காரணப்பொருள் பெற்றது. அதன்பின் ‘அவ்வாறிருக்க, இதுவோ’ என எதிர்நிலைப் பொருளும் பெற்றது. முதற்பொருள் மறைந்தது. இரண்டாவது ஆவணங்களில் நின்றது. மூன்றாவது இன்றும் கட்டுரைகளில் வழங்குகிறது. தமிழிலும் ‘வந்தவிடத்து’ என்பதிலுள்ள இடச்சொல் ‘வந்தால்’ என்னும் நிபந்தனைப் பொருள் தருவதை நாம் அறிவோம். இடத்திலிருந்து காரணத்துக்கும் நிபந்தனைக்கும் செல்வது மனித சிந்தனையின் இயல்பான நடைபாதை போலும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குடிமக்கள் தாமே படித்தறியும் வண்ணம் ஆவணங்கள் எளிய மொழியில் அமைய வேண்டும் என்னும் குரல் வலுத்தது. 1979இல் பிரித்தானியாவில் எளிய ஆங்கில இயக்கம் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பின் திருத்தப்பதிப்பிலும் பழைய சொல்லாட்சிகள் பல எளிய சொற்களுக்கு இடம்விட்டன. அடைக்கலம் புகுந்த இடத்திலிருந்தும் இச்சொற்கள் மெல்ல வெளியேறி வருகின்றன. ‘தெயர்ஃபோர்’, ‘வெயராஸ்’ போன்ற சிலவே பொதுவழக்கில் நிலைத்திருக்கின்றன.

வினைக்குப் பின்னே வந்த சிறுசொல்

ஒரு வாசல் அடைபடும்போது மற்றொரு வாசல் திறந்தது. அன்றாட ஆங்கிலத்தில் இன்று மாணவரைப் பெரிதும் இடர்ப்படுத்துபவை ‘கிவ் அப்’, ‘டேக் ஆஃப்’, ‘புட் அவுட்’ போன்ற தொடர்வினைகள். இவற்றுக்கும் வரலாறு உண்டு.

பழைய ஆங்கிலத்தில் ‘அப்’, ‘அவுட்’ முதலிய வினையடைகள் பல இடங்களில் வினைக்கு முன்னே நின்றன. வேறு பல வினைகள் ‘ஃபோர்’, ‘பி’ போன்ற முன்னொட்டுகளால் பொருள் வேறுபாடு பெற்றன. இடைக்காலத்தில் வாக்கியத்தின் சொல்வரிசை மாறியது. செயப்படுபொருளை வினைக்கு முன்னும் வைக்க இடந்தந்த மொழி, வினைக்குப் பின்னேயே வைக்கும் மொழியாயிற்று. அதனோடு வினையடைகளும் வினைக்குப் பின்னே சென்றன. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியிலும் சிறுசொல் வினைக்குப் பின் வருவது பெருவழக்கு. அத்தொடர்பும் இம்மாற்றத்துக்கு ஊக்கமளித்தது என்பர். அதே தொடர்பால்தான் ‘தே’, ‘தெம்’, ‘தெயர்’ என்னும் பன்மைப் பதிலிப்பெயர்களும் ஆங்கிலத்துக்குக் கிடைத்தன. பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பெற்று 1154ஆம் ஆண்டுச் செய்தியோடு நிறைவுறும் ஆண்டுக்குறிப்பின் இறுதிப்பகுதியிலேயே, கோட்டையை ஒப்படைத்தலைக் குறிக்க ‘கொடு’ என்னும் வினைக்குப்பின் ‘அப்’ வந்துள்ளது.

1755ஆம் ஆண்டின் அகராதி முன்னுரையில் ஜான்சன் இத்தொடர்வினைகளைத் தனியே எடுத்துரைத்தார். வினையோடு ஒரு சிறுசொல் சேர்வதால் எண்ணற்ற பொருள்கள் விளைவதையும், அயல்மொழியினர்க்கு அவையே பெரும் இடராய் இருப்பதையும் அவர் உணர்ந்து, அவற்றை முயன்று தொகுத்தார். இத்தகைய வினைகளுக்கு இன்று வழங்கும் ஆங்கில இலக்கணப் பெயரோ மிகவும் பிந்தியது. 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அப்பெயரை ஆண்டார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி அதனைத் தமக்குப் பரிந்துரைத்ததாகவும் குறித்தார். பெயர் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மக்கள் நாவில் அவை வாழ்ந்தன.

இங்கே பதிலிப்பெயர் ஒரு நுட்பமான பணியைச் செய்கிறது. ‘புத்தகத்தைக் கையில் எடு’ என்பதற்கு ‘பிக் அப் தி புக்’ என்றும் சொல்லலாம். ‘பிக் தி புக் அப்’ என்றும் சொல்லலாம். ‘புக்’ என்னும் பெயரை நீக்கிப் பதிலிப்பெயரை வைத்தாலோ ‘பிக் இட் அப்’ என்பது ஒன்றே வழக்கு. ‘பிக் அப் இட்’ என்று எவரும் சொல்லார். ஆனால் ‘லுக் அட் இட்’ என்பதில் பதிலிப்பெயர் இறுதியில்தான் நிற்கும். ‘லுக் இட் அட்’ என்பது பிழை. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? ‘அட்’ என்பது முன்னிடைச்சொல்; அது தான் தழுவும் பெயரைவிட்டுப் பிரியாது. ‘அப்’ என்பதோ வினையடை. அது வினையின் பொருளை முடிக்க வந்தது. முன்பே அறியப்பட்ட பொருளைக் குறிக்கும் பதிலிப்பெயர் இலேசான ஒலியுடையது. அது வினையை ஒட்டி அமரும். அழுத்தமாக ஒலிக்கும் சிறுசொல் இறுதியிடத்தைப் பெறும். ஆகவே, ஒரு சிறுசொல் வினையடையா முன்னிடைச்சொல்லா என்று ஐயுறும் மாணவர், அதன் அருகே ‘இட்’ என்பதை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். பதிலிப்பெயரே இங்கு உரைகல்.

வாக்கிய இறுதி பற்றிய வழக்கு

முன்னிடைச்சொல்லை வாக்கிய இறுதியில் வைக்கலாகாது என்னும் விதியை நம்மில் பலர் பள்ளியில் கற்றிருப்போம். அவ்விதியின் பிறப்பும் ஆராயத்தக்கது. 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முற்பட்ட பென் ஜான்சனின் நாடகத்தில் முன்னிடைச்சொல் இறுதியில் நிற்பதைக் குறையெனச் சுட்டினார். தம் எழுத்திலும் அக்குறை இருப்பதைக் கண்டு, 1668இல் வெளியிட்ட நாடகக் கட்டுரை நூலை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது அத்தகைய வாக்கியங்களைத் திருத்தினார். இலத்தீனில் முன்னிடைச்சொல் பெயரைவிட்டுப் பிரிந்து இறுதியில் நிற்பதில்லை. அம்மொழியின் மதிப்பு அறிஞர் உள்ளத்தில் ஓங்கியிருந்த காலம் அது.

1762இல் இலக்கண நூல் இயற்றிய இராபர்ட் லௌத் இதனை முற்றாகத் தடுத்தாரல்லர். உரையாடல் நடைக்கு இறுதி நிலை ஏற்புடையது, உயர்நடைக்கு முன்னிலை அழகு என்பதே அவர் கருத்து. அவருக்குப் பின்வந்த பாடநூலாசிரியர்கள் அழகு பற்றிய அறிவுரையைத் தடையாணையாக இறுக்கினர். 1926இல் தம் புகழ்பெற்ற மொழிவழக்கு நூலை வெளியிட்ட ஃபவுலர், இத்தடையை ஒரு மூடநம்பிக்கை என்றே சாடினார்.

வரலாறும் ஃபவுலர் பக்கமே நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘தே’ என்னும் இணைப்புச்சொல்லால் தொடங்கும் துணைவாக்கியங்களில் முன்னிடைச்சொல் பிரிந்து நிற்பதே விதி. ‘தெயராஃப்’ போன்ற கூட்டுச்சொற்களிலும் அது தான் தழுவும் சொல்லுக்குப் பின்னேதான் நின்றது. ஆகவே இறுதியில் நிற்கும் முன்னிடைச்சொல் கல்லாதார் புகுத்திய பிழையன்று. மொழியின் தொன்மையான வழக்கு. தடையே புதியது.

நம் வகுப்பறைகளில்

இவ்வரலாற்றால் நமக்கு ஆவது என்ன? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் கற்கும் மாணவர், ஒரே நாளில் இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே சென்று மீள்கின்றனர். ஒரு மொழியின் சிறுசொல்லை மற்றொரு மொழியின் சிறுசொல்லால் நேரே மாற்றும்போதுதான் பிழைகள் மிகுகின்றன. மூன்று இடங்களை இங்குக் குறிப்போம்.

முதலாவது, மொழிபெயர்ப்பு. ‘அப்’ என்பதை ‘மேலே’ என்று மட்டும் அறிந்த மாணவர், ‘ஈட் இட் அப்’ என்பதைக் கண்டு மயங்குவர். அங்கே ‘அப்’ முற்றுப்பெறுதலைக் குறிக்கிறது. தமிழில் அப்பணியைச் செய்வது வினையடையன்று, துணைவினை. ‘தின்றுவிடு’, ‘தின்று தீர்’ என்பனவே நேரிய பெயர்ப்பு. ‘ரைட் இட் டௌன்’ என்பது ‘கீழே எழுது’ அன்று. ‘எழுதிக்கொள்’, ‘எழுதி வை’. ஆங்கிலம் வினைக்குப்பின் ஒரு வினையடையை வைத்துப் பெறும் பொருளைத் தமிழ், வினைக்குப்பின் மற்றொரு வினையை வைத்துப் பெறுகிறது. இவ்வுண்மையை ஒருமுறை காட்டிவிட்டால், நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்யும் சுமை பெரிதும் குறையும்.

இரண்டாவது, ‘வெயர்பை’ போன்ற தொடர்புச்சொற்கள். இவற்றின் தொடக்கத்திலுள்ள வினா ஒலியைக் கண்டு, தமிழிலும் ‘எதன்மூலம்’ என்று எழுதுவோர் உளர். ஆங்கிலத்தில் வினாச்சொல்லே இணைப்புச்சொல்லாகவும் வருகிறது. தமிழில் அப்பணிக்குப் பெயரெச்சம் இருக்கிறது. ‘எதன்மூலம் உரிமை வழங்கப்படுகிறதோ அந்தச் சட்டம்’ என்று வளைத்து எழுதுவதினும் ‘உரிமை வழங்கும் சட்டம்’ என்பது சுருங்கிய தமிழ்; செம்மையான தமிழ். அரசாங்க அறிவிப்புகளைத் தமிழில் தரும் பொறுப்பை நாளை ஏற்கவிருப்போர் இன்றைய மாணவரே. ஒரு முதியவர் தமக்கு வந்த அறிவிப்பைத் தாமே படித்துப் பொருள் கொள்வதும், அதனைக் கையில் ஏந்தி அடுத்த வீட்டாரை நாடுவதும் இத்தகைய சிறுசொற்களைப் பொறுத்திருக்கலாம்.

மூன்றாவது, நம் வட்டார ஆங்கிலம். ‘ஆன் தி லைட்’, ‘ஆஃப் தி ஃபேன்’ என்று இங்கே வீடுதோறும் சொல்லக் கேட்கிறோம். ‘டிஸ்கஸ்’ என்பதனோடு ‘அபௌட்’ சேர்ப்பதும் பரவலான வழக்கு. தேர்வுத்தாளில் இவை பிழை, அதில் ஐயமில்லை. ஆயினும் அவை சிந்தனையின்றிப் பிறந்த பிழைகள் அல்ல. விளக்கை ஏற்றும் பொருள் முழுவதும் ‘ஆன்’ என்பதிலேயே தங்கியிருப்பதை உணர்ந்தோர், அதனையே வினையாக்கிக்கொண்டனர். ‘டாக் அபௌட்’ என்பதன் ஒப்புமையால் ‘டிஸ்கஸ் அபௌட்’ பிறந்தது. ‘வென்ஸ்’ என்பதற்கு முன் ‘ஃபிரம்’ சேர்த்த ஆங்கிலேயர் செய்ததும் இதைப் போன்றதே. பிழையைத் திருத்தும் ஆசிரியர் அதன் காரணத்தையும் கூறித் திருத்துவாராயின், மாணவர் நாணமின்றித் திருந்துவர். பொதுவழக்கு எது, வட்டார வழக்கு எது என்று இடமறிந்து பேசவும் கற்பர்.

வகுப்பில் செய்து பார்க்கத்தக்க ஒரு பயிற்சியைக் கூறி இவ்வுரையை நிறைவு செய்வோம். வாடகை ஒப்பந்தம், உறுப்பினர் விண்ணப்பம், பொது அறிவிப்பு என ஏதேனும் ஓர் ஆங்கில ஆவணத்தை எடுத்துக்கொள்க. அதில் ‘ஹியர்’, ‘தெயர்’, ‘வெயர்’ என்பவற்றால் தொடங்கும் கூட்டுச்சொற்களை மாணவர் கோடிடட்டும். ஒவ்வொன்றையும் முதலில் இன்றைய எளிய ஆங்கிலத்தில், முன்னிடைச்சொல்லும் பதிலிப்பெயருமாகப் பிரித்து எழுதட்டும். பின்னர் வேற்றுமை உருபேற்ற தமிழ்ச் சுட்டாகவோ பெயரெச்சமாகவோ மாற்றட்டும். எழுதியதைத் தம் வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரிடம் படித்துக் காட்டி, பொருள் விளங்குகிறதா என்று கேட்டு வரட்டும். விளங்கவில்லை என்று அவர் சுட்டும் சொல்லிலிருந்து அடுத்த நாள் பாடத்தைத் தொடங்கலாம்.